ரோமன் எண்ல 49 எப்படி எழுதறது? பொண்ணு கேக்கற கேள்விக்கு பதில் தெரியல

செம்பூர்_அம்மா:
வணக்கம். ஃபோன்ல தமிழ் கீபோர்டு மட்டும்தான் வெச்சிருக்கேன், அதனால ஐ (1), வி (5), எக்ஸ் (10), எல் (50)னு எழுத்தோட பேரையே எழுதறேன், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. பொண்ணு அஞ்சாவது படிக்கறா. ஹோம்வொர்க்ல 49க்கு ஐ-எல்னு போட்டிருக்கா, டீச்சர் அடிச்சிட்டு எக்ஸ்-எல்-ஐ-எக்ஸ்னு எழுதி அனுப்பிட்டாங்க. இவ என்னடான்னா பத்துல ஒண்ணு கம்மின்னா ஐ-எக்ஸ், அப்போ அம்பதுல ஒண்ணு கம்மின்னா ஐ-எல் தானேம்மான்னு கேக்கறா, எனக்கும் அது சரின்னுதான் படுது! இன்னொண்ணு, ஒரே எழுத்து அடுத்தடுத்து மூணு தடவைக்கு மேல வரக்கூடாதாம், ஆனா எங்க ஹால் கடிகாரத்துல 4க்கு நாலு ஐ போட்டிருக்கு. அவ அப்பா "ரூல்னா ரூல்தான்"னு சொல்லிட்டு டிவி பாக்கறார். யாராவது சொல்லுங்களேன்.

முலுண்ட்_கணேஷ்:
கழிக்கறதுக்கு ஒரு எல்லை இருக்குங்க. ஐ வந்து வி, எக்ஸ் ரெண்டுக்கு முன்னாடி மட்டும்தான் வரும், எக்ஸ் வந்து எல் (50), சி (100) முன்னாடி, சி வந்து டி (500), எம் (1000) முன்னாடி, அவ்ளோதான். வி, எல், டி மூணும் ஒரு தடவைக்கு மேல வராது, கழிக்கவும் வராது. அதனால 49ஐ 40ஆவும் 9ஆவும் பிரிச்சு எக்ஸ்-எல், ஐ-எக்ஸ். 99ம் அப்படித்தான், எக்ஸ்-சி, ஐ-எக்ஸ்.

மாட்டுங்கா_வாசி:
கணேஷ் ப்ரோ சொன்னது சரிதான் ஆனா குழந்தைக்கு இத மனப்பாடம் பண்ண வெச்சா அடுத்த வாரமே மறந்துடும். எங்க பாட்டி சொல்லிக்குடுத்த வழி என்னன்னா, தமிழ்ல வாய்விட்டு சொல்லு, சொல்றத அப்படியே எழுது. நாற்பத்தி ஒன்பது. முதல்ல நாற்பது, எக்ஸ்-எல். அப்புறம் ஒன்பது, ஐ-எக்ஸ். முடிஞ்சது. இதுல ஒரு அழகு பாருங்க, ஒன்பதுக்குள்ள பத்தோட "பது" இருக்கு, தொண்ணூறுக்குள்ள நூறு இருக்கு, தொள்ளாயிரத்துக்குள்ள ஆயிரமே இருக்கு! ரோமன்லயும் 9க்கு பத்தோட எழுத்து, 90க்கு நூறோட எழுத்து, 900க்கு ஆயிரத்தோட எழுத்து வந்து உக்காரும். தமிழ்ப் பிள்ளைங்களுக்கு இது குழம்பவே கூடாது.

பழைய_ஏடு:
தம்பி, பேச்சுலதான் அப்படி. நம்ம பழைய தமிழ் எண்ல எழுதும்போது ௯ போட்டு பக்கத்துல ௱ போட்டா தொள்ளாயிரம், அதாவது ஒன்பது நூறு, பெருக்கல் கணக்கு. அங்க கழிக்கற வேலையே கிடையாது.

செம்பூர்_அம்மா:
தமிழ்ல சொல்லிப் பாருன்னு சொன்னேன், அவ "எனக்கு ஏகோண்பன்னாஸ்னுதான் மனசுல வருது"ங்கறா 😄 ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மராத்தி.

தாராவி_பையன்:
அக்கா அப்போ விஷயம் அங்கதான் இருக்கு!! மராத்தில 49னா "அம்பதுக்கு ஒண்ணு குறைச்சல்"னுதான் அர்த்தம், 19 ஏகோணீஸ், 29 ஏகோண்தீஸ் எல்லாமே அந்த கணக்குதான், ஹிந்தி உன்சாஸும் அதே மாதிரி. பாப்பா மராத்திய அப்படியே ரோமன்ல மாத்தி ஐ-எல்னு எழுதிருக்கு, என்னைக் கேட்டா அரை மார்க்காவது குடுத்திருக்கணும். ஆனா 99க்கு மராத்தியே மாறிடும், நவ்யாண்ணவ், அதாவது தொண்ணூறும் ஒன்பதும். அத சொல்லிக் காட்டுங்க, ரோமன் எல்லா எண்ணையும் இந்த நவ்யாண்ணவ் மாதிரி பிரிக்குதுன்னு சொன்னா டக்குனு புரிஞ்சுக்கும்.

கடிகார மேட்டர் தப்பு ஒண்ணும் இல்ல, நிறைய டயல்ல நாலு ஐ தான் இருக்கும், காரணம் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. லண்டன் பிக் பென்ல பாத்தா ஐ-வி. ரோமாபுரிக்காரங்களே ரூல ஒழுங்கா ஃபாலோ பண்ணல, கொலோசியம் வாசல் ஒண்ணுல 44ங்கற நம்பர எக்ஸ்-எல் போட்டு நாலு ஐ போட்டு செதுக்கி வெச்சிருக்காங்க. நாப்பதுக்கு கழிச்சிருக்கான், நாலுக்கு கழிக்கல, ஒரே நம்பர்லயே ரெண்டு ரூல். ஆனா பரீட்சைல இத எழுதிடாதீங்க.

மாட்டுங்கா_வாசி:
கொலோசியம் வரைக்கும் எதுக்குப்பா, கேட்வே ஆஃப் இந்தியாக்கு கூட்டிட்டு போங்க. மேல செதுக்கியிருக்கற எழுத்துல கடைசி வார்த்தை எம்-சி-எம்-எக்ஸ்-ஐ. ஆயிரத்து, தொள்ளாயிரத்து, பதினொண்ணு. எம், சி-எம், எக்ஸ்-ஐ. ஜார்ஜ் ராஜா 1911 டிசம்பர் 2 அன்னிக்கு வந்து இறங்கின வருஷம், அவர் பேருக்குப் பக்கத்துல ஒரு வி இருக்கும், அஞ்சாம் ஜார்ஜ். (ராஜா வந்தப்ப இந்த வளைவே இல்ல, கட்டி முடிச்சு திறந்தது 1924ல, அது வேற கதை.) பாப்பாவையே படிக்க விடுங்க, நீங்க வாய திறக்காதீங்க.

செம்பூர்_அம்மா:
எல்லாருக்கும் தேங்க்ஸ்ங்க. நவ்யாண்ணவ் சொன்னதும் "ஓ அப்படியா"ன்னு அவளே 89, 99, 449 எல்லாம் எழுதிக் காட்டிட்டா. ஞாயித்துக்கிழமை கேட்வே போறோம். ஹால் கடிகாரத்த கழட்டி டீச்சர்கிட்ட காட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா, அவ அப்பா இப்பதான் டிவிய ஆஃப் பண்ணிட்டு வந்து அதெல்லாம் முடியாதுங்கறார்.