பதில்: ‘செங்குத்து ஒடுக்கம்’ வேண்டாமே

ஐயா, வணக்கம். நம் கணித நூலகக் கையேட்டின் தமிழாக்கத்தில் ‘orthogonal reduction’ என்பதற்கு நீங்கள் ‘செங்குத்து ஒடுக்கம்’ என்று முன்மொழிந்தீர்கள். நீளங்களை மாற்றாத உருமாற்றங்களால் ஓர் அணியில் (நிரை, நிரலாக அடுக்கிய எண்களில்) சுழியங்களைக் கூட்டுவதற்கான பெயர் அது. நீங்கள் சொன்ன காரணம்:

> அணியை எளிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம், ஆகவே ‘ஒடுக்கம்’ போதும். வேதியியலில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான்.

அது தமிழ்நாட்டு வேதியியல், ஐயா. இங்கே இலங்கையின் வன்னியில் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு அது ‘தாழ்த்தல்’. ‘ஒடுக்கு’ என்றதும் எங்கள் காதில் முதலில் விழுவது ஒடுக்குமுறைதான். அதைக் கொண்டுபோய் ஒரு கணித மென்பொருள் நூலகத்தின் கையேட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

சரி, காதை விடுவோம். கணக்கும் அந்தச் சொல்லுக்கு ஒத்துவரவில்லை. ஓர் அணியின் முதல் நிரலில் (மேலிருந்து கீழான வரிசையில்) 3, 4 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. 4 இருக்கும் இடத்தில் சுழியம் வேண்டும். காஸ் நீக்கல் முறையில் முதல் நிரையின் (கிடைவரிசையின்) 4/3 மடங்கை இரண்டாவதிலிருந்து கழிப்போம். 3, 0 வரும். ஆனால் நிரலின் நீளம் (எண்களின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) 5 ஆக இருந்தது 3 ஆகிவிட்டது. ஹவுஸ்ஹோல்டர் என்ற கணிதவியலாளர் 1958இல் சொன்ன வழியில், 3உடன் நீளம் 5ஐக் கூட்டி, 8, 4 என்ற நிரலை எடுத்து, அதற்குச் செங்குத்தான கோட்டைக் கண்ணாடியாக வைத்துத் தெறிக்க விடுகிறோம். 3, 4 போய் -5, 0 வருகிறது. நீளம் அதே 5. (+5 ஆகவும் வரவைக்கலாம். அதற்கு 3இலிருந்து 5ஐக் கழிக்க வேண்டும். கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்க நேர்ந்தால் கணினி இலக்கங்களைத் தொலைத்துவிடும். அதனால்தான் எதிர்க்குறியை எடுப்பது வழக்கம்.)

இதில் எதுவும் ஒடுங்கவில்லை. அணியின் அளவு அதேதான், நீளங்களும் அதேதான். இருபுறமும் அதே உருமாற்றத்தைப் போட்டால் ஐகன் பெறுமானங்களும் (திசை மாறாத நிரல்களை அணி எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்கள்) மாறாது. சுழியங்கள் மட்டும் கூடுகின்றன. பெறுமானம் மாறாமல் வடிவம் எளிதாவதற்குப் பள்ளிக்கூடத்திலேயே நமக்கு ஒரு சொல் இருக்கிறது. பரீட்சைத் தாளில் ‘சுருக்குக’ என்று போட்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே என் முன்மொழிவு: செங்குத்துச் சுருக்கல்.

‘செங்குத்து’ என்பது மேலிருந்து கீழாக நிற்பதையும் குறிக்குமே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு இலங்கைப் பாடநூல்களில் ‘நிலைக்குத்து’ என்று வேறு சொல் உண்டு. எங்களுக்குக் குழப்பம் வராது.

லாபேக் (LAPACK) என்ற அணிக் கணக்கு நூலகத்தின் கணினிச் செயல்நிரல்களுக்கும் இது பொருந்துகிறது. டிஜிஈஎச்ஆர்டி (DGEHRD) என்று ஒன்று. ஃபோர்ட்ரான் 77 மொழி ஆறு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க விடாது, அதனால் இப்படி ஒரு பெயர்: முதல் எழுத்து இரட்டைத் துல்லியம், அடுத்த இரண்டு பொது அணி, மிச்சம் மூன்றும் ஹெசன்பேர்க் வடிவத்துக்குச் சுருக்கல். முதன்மை மூலைவிட்டத்துக்குக் கீழே ஒரேயொரு வரியை விட்டுவிட்டு, அதற்கும் கீழே எல்லாவற்றையும் சுழியமாக்கும். ஏன் அந்த ஒரு வரியை விடுகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். இடப்பக்கத் தெறிப்பு முதல் நிரையையும் தொட்டால், வலப்பக்கத் தெறிப்பு முதல் நிரலைக் கலக்கிச் சுழியங்களைக் கெடுத்துவிடும். தவிர, ஐகன் பெறுமானங்கள் ஒரு பல்லுறுப்புக்கோவையின் மூலங்கள்; முக்கோண அணியில் (மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாம் சுழியம்) அவை மூலைவிட்டத்திலேயே நிற்கும். ஐந்தாம் படியிலிருந்து மேலே உள்ள பல்லுறுப்புக்கோவைகளுக்கு, நாற்செய்கைகளும் மூலம் எடுத்தலும் மட்டும் கொண்ட பொதுவான மூலச் சூத்திரம் கிடையாது என்று கணிதவியலாளர் ஏபெல் காட்டிவிட்டார். எண்ணி முடிக்கக்கூடிய படிகளில் முழு முக்கோணத்துக்குப் போக முடியுமென்றால் அந்தச் சூத்திரம் கையில் வந்திருக்கும்!

சமச்சீர் அணிக்கு (மூலைவிட்டத்தின் இருபக்கமும் ஒன்றுபோல் இருப்பது) இதே வேலை மும்மூலைவிட்டச் சுருக்கல் ஆகிறது: மூலைவிட்டமும் அதன் இருபக்க வரிகளும் மட்டும் மிஞ்சும். செலவும் குறையும்: n நிரை, n நிரல் உள்ள பொது அணிக்கு ஏறத்தாழ 10n³/3 கணக்கீடுகள், இதற்கு 4n³/3. இரண்டு பக்கமும் வெவ்வேறு செங்குத்து அணிகளை (நீளத்தை மாற்றாத அணிகளை) போட்டால் இருமூலைவிட்டச் சுருக்கல், மூலைவிட்டமும் பக்கத்து வரி ஒன்றும் மட்டும் மிஞ்சும்; கணிதவியலாளர்கள் கோலப்பும் கஹானும் 1965இல் எழுதியது. முன்னொட்டை மாற்றினால் போதும், குடும்பம் முழுக்க வந்துவிடுகிறது.

கிளிநொச்சியிலிருந்து

---

தம்பி,

‘சுருக்குக’ பிடித்திருக்கிறது. ஆனால் கோப்புகளின் அளவைக் குறைப்பதையும் சுருக்கல் என்றுதான் எழுதுகிறோம். முட்டாதா? அப்புறம் அந்தத் ‘தெறிப்பு’. எங்கள் ஊரில் தெறித்தால் சட்டை நனையும். ‘எதிரொளிப்பு’ என்று எழுதலாமே?

மதுரையிலிருந்து

---

ஐயா,

முட்டும்தான். கோப்புக்கு ‘அமுக்கல்’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். எப்படியும் ‘செங்குத்து’ முன்னால் நிற்கும்போது யாரும் கோப்பை நினைக்கமாட்டார்கள்.

‘எதிரொளிப்பு’க்குள் ஒளி உட்கார்ந்திருக்கிறது. அணிக்குள் ஒளி ஏது? இங்கே ஒளி, ஒலி, வடிவகணிதம் மூன்றுக்கும் தெறிப்புத்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறும் முதல் வருடத்தில் கையில் கொண்டுவருவது அந்தச் சொல்லைத்தான். அதற்காக, அணிக்கு எங்கள் பாடநூல் சொல்லான ‘தாயம்’ என்று எழுதச் சொல்லி அடம்பிடிக்கமாட்டேன். இந்தக் குழுவில் நானும் ‘அணி’ என்றே எழுதுகிறேன். தாயம் என்றால் நீங்கள் சோழி உருட்டப் போய்விடுவீர்கள்.

ஒன்று விட்டுப்போனது. கிவன்ஸ் முறைக்கு ‘சுழற்சி’ என்பதில் யாருக்கும் தகராறு இல்லை என்று நினைக்கிறேன். காலபோக வயலில் களை பிடுங்குவதுபோல ஒவ்வோர் எண்ணாகச் சுழியமாக்கும். தெறிப்பு ஒரு நிரலின் வால் முழுவதையும் ஒரே தடவையில் முடித்துவிடும். பெரும்பாலும் சுழியங்களே உள்ள அணியில் மிச்சத்தைக் கலைக்காமல் எடுக்கச் சுழற்சிதான் தோது. ஆகவே கையேட்டில் இரண்டும் தனித்தனிப் பதிவாக இருக்கட்டும்: ஹவுஸ்ஹோல்டர் தெறிப்பு, கிவன்ஸ் சுழற்சி. தெறிப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘எதிரொளிப்பு’ என்று போட்டுவிடுகிறேன். ‘ஒடுக்கம்’ வந்த இடங்களை இன்றிரவே மாற்றுகிறேன். மற்றவர்களுக்கு மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுங்கள்.