அப்பத்தாவும் முகிலனும் வருகிற சென்னைப் பயணம்

ஞாயிறு இரவு, எங்கள் குடும்பக் குழுவில்

திருநகர் சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறைக்கு நாள் இருக்கிறது என்றாலும் இப்போதே பேசி வைத்துக்கொள்வோம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறந்துவிடும். யாழினிக்குச் சென்னையில் மீன் காட்சியகம் பார்க்க வேண்டுமாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் வி.ஜி.பி. மரைன் கிங்டம். சுரங்கப் பாதையில் நாம் நடக்கலாம், தலைக்கு மேல் சுறாவும் திருக்கையும் நீந்தும். யார் யார் வருகிறீர்கள்?

சோழவந்தான் பெரியம்மா: நாங்கள் வருகிறோம் தம்பி. அப்பத்தாவும் வருகிறார்கள். முதலில் "எனக்கெதற்கு" என்றார்கள். சுறா என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மேடவாக்கம் அக்கா: அப்படியென்றால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். லாட்ஜ் பேச்சே வேண்டாம்.

திருநகர் சித்தப்பா: நல்லது. என் திட்டம் இது. விடியற்காலை இறங்கி, குளித்து, காலையில் மீன் காட்சியகம். மதியம் வடநெம்மேலி முதலைப் பண்ணை. மாலை மாமல்லபுரம். இரவு தியாகராய நகரில் துணி எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடலாம். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

மதினி: மாமா, நீங்கள் எல்லோரும் போய்வாருங்கள். முகிலனை வைத்துக்கொண்டு நாங்கள் வீட்டிலேயே இருக்கிறோம். கூட்டமும் கூச்சலும் அவனுக்கு ஆகாது என்று உங்களுக்கே தெரியும். சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவையன்று வேட்டுச் சத்தம் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு அழுதவன், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மூடிய இடத்தில் அப்படி ஆகிவிட்டால் எல்லோருக்கும் சங்கடம்.

நான்: மதினி, முகிலனை விட்டுவிட்டு மீன் பார்க்கப் போவதா? திருப்பரங்குன்றம் சரவணப் பொய்கையில் நாமெல்லாம் பொரியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். அவன் மட்டும் படியில் குந்தி, எந்த மீன் முதலில் வருகிறது, எது பின்தங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். எங்கள் மீன்வளக் கல்லூரியில் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தருவதே அந்தப் பார்வையைத்தான். நம் வீட்டில் இந்தப் பயணத்துக்கு முதல் உரிமை அவனுக்கு இருக்கிறது.

மதினி: ஆசை இல்லாமலா சொல்கிறேன் தேன்மொழி.

நான்: தெரியும் மதினி. அதனால் திட்டத்தை அவனுக்கும் அப்பத்தாவுக்கும் ஏற்றதாகப் போடுவோம். மற்றவர்கள் அதற்குள் அடங்கிவிடலாம். சித்தப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலைப் பண்ணையும் மாமல்லபுரமும் தனியாக ஒரு பயணத்துக்கு உரியவை. ஒரே நாளில் நான்கு இடம் என்றால் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்ததாகிவிடும். மீன் காட்சியகத்துக்கே ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும்.

திருநகர் சித்தப்பா: அவ்வளவு நேரம் என்ன இருக்கிறது பாப்பா? யாழினியின் தோழி ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிட்டாளாம்.

நான்: சுற்றி வரலாம் சித்தப்பா. கோமாளி மீனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் சாமந்தி என்ற பூப்போன்ற கடல் உயிரினத்துக்குள் சிறு கூட்டமாக வாழும். அதில் பெரியது பெண். அதற்கு அடுத்த அளவில் இருப்பது அதன் துணை. மற்றவை எல்லாம் சிறிய ஆண்கள். பெண் இறந்துபோனால், அந்தத் துணை ஆண் பெண்ணாக மாறிவிடும். இதைத் தெரிந்துகொண்டு தொட்டி முன்னால் நின்றால், யார் யாரைத் துரத்துகிறார்கள், யார் ஒதுங்கி வழிவிடுகிறார்கள் என்று பார்க்கவே நேரம் போதாது. கல்லூரிப் பொரிப்பகத்தில் மண்சட்டியின் பக்கத்தில் முட்டையிட்டிருந்ததைப் பார்த்தேன். முதலில் ஆரஞ்சு நிறத்தில் மணிமணியாக ஒட்டியிருந்தன. தகப்பன் மீன் இடைவிடாமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது, கெட்டுப்போன முட்டையை வாயால் அகற்றியது. பொரிக்கும் நாள் நெருங்கியதும் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் மின்னின. குஞ்சுகளின் கண்கள். விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் பொரித்தன.

மதினி: இதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "தகப்பன் எப்போது தூங்கும்" என்று கேட்கிறான்.

நான்: இரவில் ஓயும் என்று சொல்லுங்கள் மதினி. கண்ணை மட்டும் மூடாது, மீனுக்கு இமை இல்லை. யாழினி, உனக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதே. கண்ணைக் கூசினாலும் அவற்றால் மூடிக்கொள்ள முடியாது. கண்ணாடியைத் தட்டவும் கூடாது. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். மீனின் உடம்பில் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோடு சிறு அதிர்வையும் உணரும்.

யாழினி: சரி அக்கா. ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிறேன்.

மேலூர் மாமா: நான் ஒன்று கேட்கிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். நம்மிடம் மன்னார் வளைகுடாவே இருக்கிறது. 21 தீவுகள், 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்த் தொட்டியில் அடைத்த மீனைப் பார்க்க வேண்டுமா? அந்த மீன்களை நினைத்தாலும் மனது ஒப்பவில்லை.

நான்: மாமா, எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. தொட்டி சிறிதாக இருந்து, மீன் ஒரே மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால் எனக்கும் பொறுக்காது. பணம் கொடுத்துப் பார்க்கும் நாம் அதைக் கவனிக்கவும் வேண்டும். துடுப்பு கிழிந்திருக்கிறதா, ஒரே வட்டத்தில் ஓயாமல் சுற்றுகிறதா, தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கடல் மீன் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு மாறாமல் இருக்க வேண்டும். மீன் கழிக்கும் அம்மோனியா அதற்கே நஞ்சு. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரவு பகலாக ஆட்கள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதே நேரம், கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க அப்பத்தாவால் முடியாது, முகிலனாலும் முடியாது. அவர்களுக்கு இதுதான் வழி மாமா.

மேலூர் மாமா: அப்படிச் சொன்னால் சரி. ஆனாலும் ராமேசுவரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரை விடக்கூடாது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் தலைமையகம் அங்கேதான் இருந்தது. இன்றைக்குத் தலைமையகம் கொச்சியில் இருக்கிறது, மண்டபத்தில் வட்டார மையம் இருக்கிறது. அங்கே சிறிய மீன் காட்சியகமும் உண்டு.

நான்: மாமா, அருமையான யோசனை! சென்னைக்கு முன்னால் முகிலனை மண்டபத்துக்கு அழைத்துப் போவோம். சிறிய இடம். காலையில் போய் இரவுக்குள் மதுரை திரும்பிவிடலாம். இருட்டறையும் கண்ணாடித் தொட்டியும் அவனுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் உடனே வெளியே வந்து கடற்கரையில் உட்காரலாம்.

மேலூர் மாமா: வண்டி நான் ஓட்டுகிறேன். அப்படியே புதிய பாம்பன் பாலத்தையும் காட்டிவிடலாம். 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் போக நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்.

மதினி: மாமா, இது எனக்கும் தைரியமாக இருக்கிறது. போய்ப் பார்ப்போம். போவதற்கு முன்பு அன்றைக்குத் திறந்திருக்குமா என்று போனில் கேட்டுவிடுங்கள்.

சோழவந்தான் பெரியம்மா: அப்பத்தா பேசியதை அப்படியே எழுதுகிறேன். "வைகையில் தண்ணீர் வந்தால் அயிரை துள்ளும். பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துத்தான் சட்டியில் போடுவோம். உயிரோடு பார்த்த மீன் எனக்கு அதுவும் கெளுத்தியும் விராலும்தான். உன் அத்தைக்கும் மருமகள்களுக்கும் பிள்ளை பெற்ற வீட்டில் பால் ஊறச் சுறாப்புட்டு செய்து போட்டவள் நான். துண்டு துண்டாகத்தான் வாங்கியிருக்கிறேன். முழுச் சுறா எப்படி நீந்தும் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்."

திருநகர் சித்தப்பா: அம்மா இப்படி ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. முதலைப் பண்ணை, மாமல்லபுரம், துணிக்கடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தேன்மொழி சொல்கிறபடியே செய்வோம்.

மண்டபத்திலிருந்து திரும்பிய இரவு

மதினி: வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் ஐந்து நிமிடம் நின்றான். காதுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். உள்ளே போய்க் கோமாளி மீன் தொட்டியைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு மீனைக் காட்டி "இதுதான் அம்மா" என்றான். அளவை வைத்துச் சொல்லியிருக்கிறான்! கொஞ்ச நேரத்தில் ஹெட்போனை அவனே கழற்றிவிட்டான். பள்ளிக்கூட மாணவர்கள் ஒரு கூட்டமாக உள்ளே வந்தபோதுதான் மறுபடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். அழவில்லை.

மேலூர் மாமா: நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னையும் உட்கார வைத்துவிட்டான். நாம் பார்க்கிற மீனை அவன் பார்க்கிற விதமே வேறு. சென்னைக்கு நானும் வருகிறேன்.

நான்: மதினி, இதைப் படித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சென்னையில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தண்ணீருக்குள் இருப்பது உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோலத் தெரியும். அதனால் சுறா கண்ணாடியை இடிக்க வருவதுபோலத் தோன்றும். அது கண்ணாடியும் அல்ல, தடிமனான அக்ரிலிக். சுரங்கத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு உள்ளே போவோம். அப்பத்தாவுக்கும் அதுதான் நல்லது.

மேடவாக்கம் அக்கா: சக்கர நாற்காலி உண்டா, முகிலன் இடையில் வெளியே வந்து மீண்டும் உள்ளே போக அனுமதிப்பார்களா என்று இரண்டையும் நானே நேரில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். இங்கிருந்து சோழிங்கநல்லூர், அக்கரை வழியாகப் போனால் பக்கம்தான். நாள் மட்டும் சொல்லுங்கள்.

நான்: புதன்கிழமை. சனி, ஞாயிறும் சரஸ்வதி பூஜையை ஒட்டிய நாட்களும் வேண்டாம். திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே வந்து அக்கா வீட்டில் தூங்கிவிடுவோம். ரயிலில் இருந்து இறங்கிய அலுப்போடு முகிலனை எங்கேயும் கூட்டிப்போகக் கூடாது.

முன்பதிவு திறந்த நாள் காலை

திருநகர் சித்தப்பா: பாண்டியன் எக்ஸ்பிரஸில் போட்டுவிட்டேன். எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்குகிறோம். அம்மாவுக்கும் அண்ணிக்கும் தனி டிக்கெட்டாக எடுத்தேன். மூத்தோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைக்கும்தான் கிடைக்கும். இரண்டுமே கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது. முகிலனுக்கும் மதினிக்கும் அதே பெட்டி.

சோழவந்தான் பெரியம்மா: மகராசனாக இரு தம்பி. ராத்திரிக்குப் புளியோதரையும் இட்லிப் பொடி தடவிய இட்லியும் நான் கொண்டுவருகிறேன். முகிலனுக்குக் காரம் இல்லாமல் தனியாக.

மதினி: பெரிய அத்தை, அவனுக்குத் தயிர்சாதம் போதும்.

மேடவாக்கம் அக்கா: கேட்டுவிட்டு வந்துவிட்டேன். சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. முகிலனை இடையில் வெளியே கூட்டிவந்தால் வாசலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் போகலாம் என்றார்கள். அவர் பெயரையும் வாங்கி வைத்திருக்கிறேன். நுழைவுச் சீட்டை இன்று இரவு இணையத்தில் எடுத்துவிடுகிறேன், எல்லோரும் ஆதார் படத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

திருநகர் சித்தப்பா: அப்பத்தாவுடையதை அண்ணி அனுப்புவார்கள். தேன்மொழி, நீ தூத்துக்குடியிலிருந்து நேராகச் சென்னைக்கு வருகிறாயா, மதுரைக்கு வந்து சேர்ந்துகொள்கிறாயா?

நான்: மதுரைக்கே வந்துவிடுகிறேன் சித்தப்பா. ரயிலில் முகிலன் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் போடுங்கள்.