ஜிஇடி கணக்கு: கோவைகளைச் சுருக்கும்போது பெரியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

குயின்ஸ், நியூயார்க் (தன்னார்வ ஆசிரியர்)

மாலை நேர ஜிஇடி வகுப்பில் கணக்கு சொல்லித் தருகிறேன். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள் உயர்நிலைப் பள்ளிச் சான்றுக்கு இணையான தகுதி பெற எழுதும் தேர்வு இது. எங்கள் மாநிலம் 2014இல் இதை விட்டு டாஸ்க் என்ற வேறொரு இணைத் தேர்வுக்குப் போய், 2022இல் மறுபடி ஜிஇடிக்கே வந்தது. நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. மற்ற மூன்றையும் முடித்துவிட்டுக் கணக்குக்காக மட்டும் காத்திருப்பவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். அந்தத் தாளில் பாதிக்கு மேல் அல்ஜீப்ரா.

3எக்ஸ் + 2 போல எண்ணும் எழுத்தும் கலந்த கோவையைச் சுருக்கக் கொடுத்தால் பெரும்பாலோர் 5எக்ஸ் என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. உணவகத்தில் சமையல் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார்: கூட்டல் குறி இன்னும் அப்படியே நிற்கிறதே, கணக்கு எப்படி முடிந்ததாகும்? நியாயமான கேள்வி. சின்ன வயதில் படித்த கணக்கெல்லாம் ஒரே எண்ணில்தான் முடிந்திருக்கும். குறியோடு நிற்கும் விடையை அவர் பார்த்ததே இல்லை.

விதியைத் திரும்பச் சொல்லாமல், எக்ஸுக்கு 10 போடச் சொன்னேன். 3எக்ஸ் + 2 என்பது 32 ஆனது, 5எக்ஸ் என்பது 50 ஆனது. இரண்டும் ஒன்றில்லை என்று அவரே சொல்லிவிட்டார். 10 போடுவதில் இன்னொரு வசதியும் உண்டு. 4எக்ஸ் வர்க்கம் + 3எக்ஸ் + 2 என்றால் 432. நூறுகள், பத்துகள், ஒன்றுகள். பத்தைப் பத்தோடுதானே கூட்டுவோம்? ஒத்த உறுப்புகள் என்ற பெயரைச் சொல்வதற்கு முன்பே விஷயம் புரிந்துவிடுகிறது.

ஆனால் 0, 1, 2 மூன்றும் வேண்டாம். எக்ஸ் + எக்ஸ், எக்ஸ் × எக்ஸ் இரண்டுக்கும் 2 போட்டால் 4தான் வரும், 0 போட்டாலும் ஒன்றாகவே இருக்கும். 1 போட்டால் எக்ஸும் அதன் வர்க்கமும் ஒன்றாகிவிடும். தப்பு அப்படியே ஒளிந்துகொள்ளும்.

ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் வாழைப்பழம் என்று தொடங்கும் பாடமும் எனக்கு உடன்பாடில்லை. ஏயையும் பியையும் பெருக்கச் சொன்னால் அங்கே என்ன செய்வது? எழுத்து ஒரு பொருளைக் குறிக்கவில்லை, எண்ணைக் குறிக்கிறது. அதனால் நான் சம்பளத்தை எடுத்துக்கொள்கிறேன். மணிக்கு எக்ஸ் டாலர், வாரம் 40 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு. 46 மணி நேரம் உழைத்தவருக்கு 40எக்ஸ் + 6 × 1.5எக்ஸ். அதாவது 40எக்ஸ் + 9எக்ஸ், ஆக 49எக்ஸ். எக்ஸ் எத்தனை டாலர் என்று தெரியாமலே 49 மணி நேரக் கூலி வர வேண்டும் என்று தெரிகிறது. வீட்டுப் பராமரிப்பு வேலை செய்யும் ஒரு அம்மா தன் சம்பளச் சீட்டை எடுத்து அங்கேயே சரிபார்த்தார்.

எடிசன், நியூ ஜெர்சி (தேர்ச்சி பெற்றவர்)

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். இங்கே வந்து பல வருடங்கள் கழித்துத்தான் ஜிஇடி. எங்கள் வகுப்பில் எல்லோரையும் படுத்தியது அடைப்புக்குறிக்கு முன்னால் வரும் கழித்தல். 5 − 2(எக்ஸ் − 4). சிலர் முதலிலேயே 5இல் இருந்து 2ஐக் கழித்து 3(எக்ஸ் − 4) என்பார்கள். சிலர் 5 − 2எக்ஸ் − 8 என்பார்கள். எங்கள் ஆசிரியை கழித்தலையே எடுத்துவிடச் சொன்னார்: கூட்டல் போட்டு, −2ஐ ஒரே எண்ணாக வைத்து, உள்ளே இருக்கும் இரண்டோடும் பெருக்கு. −2எக்ஸ், அப்புறம் +8. ஆக 13 − 2எக்ஸ்.

இரவு வேலை முடிந்து வந்து படிக்கும்போது சரியா தப்பா என்று கேட்க யாரும் இல்லை. மகள் எட்டாவது படிக்கிறாள், அவளை எழுப்பிக் கேட்க மனம் வராது. இந்த 10 போடும் வழி எனக்கு அவ்வளவு துணையாக இருந்தது. கேள்வியில் போட்டால் −7, விடையில் போட்டாலும் −7. அந்தத் தப்பான இரண்டு விடைகளில் 18, −23 என்று வரும். சரி என்று தெரிந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கப் போவேன்.

ஹூஸ்டன், டெக்சாஸ் (ஆசிரியர்)

கால்குலேட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்வுத் திரையில் வரும் டிஐ-30எக்ஸ்எஸ் கால்குலேட்டர் நமக்காகக் கோவையைச் சுருக்கித் தராது, எண்களை மட்டுமே கணக்கிடும். தேர்வில் தரும் சூத்திரத் தாளில் பரப்பளவு, கன அளவு, இருபடிச் சூத்திரம் எல்லாம் உண்டு, பங்கீட்டுப் பண்பு (வெளியே உள்ள எண்ணை அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒவ்வொன்றோடும் பெருக்குவது) கிடையாது. அதைப் பழகித்தான் ஆக வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் எண் போட்டுப் பார்ப்பது நல்ல வழி. இரண்டு விடைகள் ஒரே எண்ணாக வந்தால் வேறு எண் போட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறேன்.

வகுத்தலிலும் இதே கதை. (2எக்ஸ் + 6) ÷ 2 என்றால் 2ஐ மட்டும் அடித்துவிட்டு எக்ஸ் + 6 என்கிறார்கள். 10 போட்டால் கேள்வி 13, அவர்கள் விடை 16. எக்ஸ் + 3 தான் பொருந்தும். அடிக்கக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் இறங்காதது, 13ஐயும் 16ஐயும் பக்கத்தில் எழுதினால் இறங்குகிறது.

குயின்ஸ், நியூயார்க்

கால்குலேட்டர் தராத முதல் ஐந்து கேள்விகளுக்கும் 10 நல்ல எண், மனக்கணக்காகவே வந்துவிடும். கோவைக்குள் எக்ஸ் − 10 இருந்தால் மட்டும் அது 0 ஆகிவிடும், அப்போது 3 போடுங்கள். கீழேயும் எக்ஸ் வரும் பின்னங்களை நீங்கள் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறீர்கள்? காரணிப்படுத்தல் (கோவையைப் பெருக்கலாகப் பிரித்து எழுதுவது) முடிந்த பிறகா, முன்பேவா?