செகண்ட் ஹேண்ட் தார், ஜிப்ஸி, மேஜர்: எந்தச் சத்தம் எதோடது? (அனுபவப் பகிர்வு)

பழைய டீசல்:
2014 மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. ஜீப், 2.5 லிட்டர் டீசல். பார்க்கப் போனப்பவே ஓடிக்கிட்டிருந்தது, பானெட்டில் கை வைக்க முடியல. சூடாக்கி வெச்ச டீசலில் ஐடிலிங் கேட்டு என்ன சொல்ல? மறுநாள் காலை வரைக்கும் சாவி போடாம வெச்சு, குளிர்ந்த ஸ்டார்ட். டீசல் கடகடப்புக்கு மேல தனியா ஒரு 'டக் டக் டக்'. மூணாவது இன்ஜெக்டரோட (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுறது) கரண்ட் கனெக்டரைப் பிடுங்கினதும் அடங்கிடுச்சு, மாட்டினதும் திரும்ப வந்துச்சு. "ராட் இல்ல சார், இன்ஜெக்டர்தான், சர்வீஸ் பண்ணா போயிடும்"னு விற்கிறவர் பக்கத்து மெக்கானிக் ஒரே போடா போட்டுட்டார். வண்டி வேற யாருக்கோ போயிடுச்சு. அவர் சொன்னது சரியான்னுதான் இன்னும் உறுத்துது.

ஸ்பேனர் 17:
சரியில்லை. அந்த சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினா இன்ஜெக்டர் தட்டுற சத்தமும் (நாக்) அடங்கும், தேய்ஞ்ச ராட் பேரிங் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோட இணைக்கிற ராடோட பேரிங்) சத்தமும் அடங்கும். பிஸ்டன் தலையில் விழுற அழுத்தமே போயிடுதே. கனெக்டரைக் கழற்றுறது எந்த சிலிண்டர்னு காட்டும், என்ன நோய்னு காட்டாது.

பார்க்க வேண்டியது, சூடேறும்போது சத்தம் கூடுதா குறையுதா என்பதை. இன்ஜெக்டர் நாக் கூர்மையா, ஆணியில் சுத்தி தட்டுற மாதிரி, இன்ஜின் மேல்பக்கம் கேட்கும். குளிரில் அதிகம், சூடானா பெரும்பாலும் தணியும். ராட் பேரிங் கனமான சத்தம், அடியில் ஆயில் தேங்குற சம்ப் பக்கம். ஆயில் சூடாகி இளகினா கூடும். நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனியை ஒரு தடவை இன்ஜெக்டர் பக்கத்திலும், ஒரு தடவை சம்ப் ஓரத்திலும் வெச்சு, பிடியைக் காதுல வெச்சுக் கேளுங்க. அப்புறம் 20 நிமிஷம் ஓட்டிட்டு வந்து, நிறுத்தி வெச்சு 2,500 ஆர்.பி.எம். ஏத்தி, சட்டுனு காலை எடுங்க. ஆர்.பி.எம். இறங்குற அந்த நொடியில் 'டொக்டொக்'னு அடிச்சா நடையைக் கட்டுங்க. பேரிங் செட் மட்டும் மாத்தி முடியாது. கிராங்கில் கோடு விழுந்திருந்தா இன்ஜினை இறக்கி கிராங்க் கிரைண்டிங், கடைஞ்ச அளவுக்கேத்த அண்டர்சைஸ் பேரிங்னு வேலை நீளும்.

இன்னொண்ணு, ஓடுற இன்ஜினில் கனெக்டரைப் பிடுங்காதீங்க. பேட்டரியோட 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு வோல்டேஜ் அங்க போகுது. ஆஃப் பண்ணி, கழற்றி, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்கேனர் இருந்தா அதுலயே சிலிண்டர் கட் பண்ணலாம். பழைய டி.ஐ. (சாதா பம்ப் டீசல்) ஜீப்பில் டீசல் பைப் நட்டை லூஸ் பண்ணிக் கேட்கிற பழக்கத்தை, சி.ஆர்.டி.இ. மாதிரி காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) இன்ஜினுக்குக் கொண்டு வரவே கூடாது. 1,000 பார் அழுத்தத்துக்கு மேலயும் போகக்கூடிய லைன் அது, பீறிடுற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும்.

ஜிப்ஸி கோவை:
டீசல் பஞ்சாயத்து முடிஞ்சுதா? இது ராணுவ ஏலத்தில் வந்த மாருதி ஜிப்ஸி. ஐடிலில் இன்ஜின் ஓடுதான்னே தெரியல. 55 தாண்டினதும் சீட்டுக்கு அடியில் 'ர்ர்ர்ர்', கண்ணாடியில் பின்னாடி வர்ற வண்டி ரெண்டாத் தெரியுது. "ஜிப்ஸின்னா அப்படித்தான்." இந்த வசனத்தை எல்லா விற்பனையாளரும் எங்கதான் கத்துக்கிறாங்களோ.

65-ல் நியூட்ரல் தள்ளினா இன்ஜின் ஐடிலுக்கு வந்துடுச்சு, அதிர்வு அப்படியே நிக்குது. அப்ப இன்ஜினும் இல்ல, கிளட்ச்சும் இல்ல. மிச்சம் டயர், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்கு ஓட்டத்தைக் கொண்டு போற தண்டு) ரெண்டும்தான். 205/70 ஆர்15 டயர் 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 8 சுற்று சுத்தும். டயர் பேலன்ஸ் போனா ஸ்டீயரிங் ஆடும், அதை உணர்ந்து எண்ணிடலாம். ஆக்சில் விகிதம் 4-க்குக் கிட்ட (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் ஏறக்குறைய 4 சுற்று) இருக்கறதால ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அதே வேகத்தில் நொடிக்கு 30-க்கு மேல. அது ஆட்டம் இல்ல, வண்டியோட தரையில் வர்ற ரீங்காரம்.

கீழே படுத்துப் பார்த்தா கிராஸ் (ஷாஃப்ட் முனையில் கோணத்துக்கு வளைஞ்சு கொடுக்கிற மூட்டு) எல்லாம் புதுசு. ஆனா ஷாஃப்டைக் கழற்றி மாட்டினவர் ஸ்ப்லைனை (ஷாஃப்டோட ரெண்டு துண்டும் சொருகுற பல் பகுதி) மாத்திச் சொருகியிருக்கார், ரெண்டு முனை ஃபோர்க்கும் (கிராஸைப் பிடிக்கிற கவை) ஒரே தளத்தில் இல்லை. கோணத்தில் சுத்துற கிராஸ் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனை அதைச் சரிக்கட்டணும்னா ஃபோர்க் ரெண்டும் ஒரே நேரா இருக்கணும். புதுசு போட்டும் அதிர்வு நிக்கலேன்னா முதல்ல இதைப் பாருங்க. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு ஓட்டத்தைப் பிரிக்கிற பெட்டி) தனியா ரப்பர் மவுன்ட்டில் உட்காரும், கியர்பாக்ஸுக்கும் அதுக்கும் நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் வேற. அந்த ரப்பரையும் லீவர் போட்டு நெம்பிப் பாருங்க.

மலைப்பாதை:
சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏத்தின மஹிந்திரா மேஜர் ஜீப். 'ஊஊ'ன்னு ஒரே ஓலம், டிஃபரென்ஷியல் (ஆக்சில் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) போச்சுன்னு எல்லாரும் கையை விரிச்சாங்க. தார் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கினதும் ஓலம் நின்னுடுச்சு. மட் டயர் சத்தம், அவ்வளவுதான்.

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். டயரா டிஃபரென்ஷியலான்னு பார்க்க, ஒரே வேகத்தில் ஆக்சிலேட்டரைக் கொடுத்து விட்டுப் பாருங்க. மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேற மாதிரி கேட்டா டிஃபரென்ஷியலுக்குள்ள கிரவுன் பினியன் பல். மாறவே இல்லேன்னா டயர் அல்லது வீல் பேரிங். இடது பக்கம் வளைக்கும்போது கூடினா வலது வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்க. நியூட்ரலில் கரகரன்னு இருந்து கிளட்ச் மிதிச்சதும் நின்னா கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங், மிதிச்சாத்தான் வருதுன்னா ரிலீஸ் பேரிங். இன்ஜின் மவுன்ட்டுக்கு, பானெட்டைத் திறந்து வெச்சு பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்ச்சைக் கடிக்கிற வரைக்கும் விடுங்க. இன்ஜின் ஒரு பக்கம் எம்பினா ரப்பர் கிழிஞ்சிருக்கு. எதிரே யாரும் நிக்கக் கூடாது. 4 ஹையை (நாலு சக்கர ஓட்டம், வேகத்துக்கான கியர்) தார் ரோட்டில் போட்டு வளைக்காதீங்க. முன், பின் ஆக்சிலுக்கு நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டி, நல்லா இருந்தாலும் இழுத்துக் குதிக்கும். மண்ணில் 4 லோ (இழுவைக்கான கியர்) போட்டு ஏத்துங்க, லோடில் அந்த லீவர் துள்ளி வெளியே வருதான்னு பாருங்க. மலையில் முதல் கியரிலேயே நாள் பூரா ஓடின வண்டிக்கு ஓடோமீட்டரை நம்பிப் பிரயோஜனம் இல்ல. ஆயில் கேப்பைத் திறந்து புகை வந்தா அப்படியே திரும்பிடுங்க.

ஸ்பேனர் 17:
மலைப்பாதை அண்ணா, கடைசி வரியை மட்டும் ஏத்துக்க முடியாது. ஓடின டீசலில் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். கேப்பைத் தலைகீழா அந்த வாயிலேயே வெச்சு விடுங்க. லேசா ஆடினா பரவாயில்ல. தூக்கி எறிஞ்சா, புகை விட்டுவிட்டு அடிச்சா, கம்ப்ரஷன் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

பழைய டீசல்:
ஒரு சந்தேகம். ராட் சத்தத்தை மறைக்க விற்கிறவர் கெட்டி ஆயில் ஊத்தி வெச்சிருந்தா?

ஸ்பேனர் 17:
ஊத்துவாங்க. அதனாலதான் 20 நிமிஷம் ஓட்டச் சொன்னேன். அதுக்கு மேலயும் சந்தேகம்னா ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க. கெட்டி ஆயில் இருந்தும் சூடான ஐடிலில் 1 பாருக்குக் கீழே தொங்கினா, அது இன்ஜெக்டர் கேஸ் இல்லை.