1987ஏ: வெடித்தது பிப்ரவரியில், உச்ச பிரகாசம் மே மாதத்தில். ஏன்?

இரவுப்பறவை:
சூப்பர்நோவா 1987ஏ-வின் (1987-இல் தெரிந்த நட்சத்திர வெடிப்பு) ஒளிர்வு கிராஃபைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு இடம் உதைக்கிறது. வெடித்தது பிப்ரவரி 23. உச்சம் கிட்டத்தட்ட 85 நாள் கழித்து. வெடிப்பு என்றால் அந்த நேரத்தில்தானே வெளிச்சம் அதிகம் இருக்க வேண்டும்? இதுவோ முதல் நாள் எகிறி, அப்படியே கொஞ்சம் நின்று, அப்புறம் ஆற அமர மே மாதம் வரை ஏறுகிறது. மற்ற டைப் 2 வெடிப்புகள் (ஹைட்ரஜன் உள்ள பெரிய நட்சத்திரங்களின் வெடிப்பு) பல இப்படி இல்லை, மூன்று மாதம் ஒரே மட்டத்தில் ஓடிவிட்டுச் சட்டென்று விழுகின்றன. நட்சத்திரத்தின் நிறைதான் காரணமா? சமன்பாடு வேண்டாம், என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

கதிரொளி:
இந்த வித்தியாசத்துக்கு நிறையை விட அளவுதான் முக்கியம். வெடிப்பின் ஆற்றலில் சுமார் 99 சதவீதத்தை நியூட்ரினோக்கள் (எதிலும் சிக்காமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) கொண்டுபோய்விடுகின்றன, மிச்சத்தில் பெரும்பகுதி பொருளைத் தூக்கி எறியவே செலவாகிறது, நம் பங்குக்கு வெளிச்சமாக வருவது மொத்தத்தில் பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்குதான்.

மையம் நொறுங்கியதும் கிளம்பும் அதிர்ச்சி அலை மேற்பரப்பை எட்டும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஜப்பானின் கமியோகாண்டே உணர்கருவியில் நியூட்ரினோ பதிவானது உலக நேரம் 7:35. மூன்று மணி நேரம் கழித்து, 10:38-க்கு ஆஸ்திரேலியாவில் எடுத்த படத்தில், 12-ஆம் மேக்னிட்யூடில் (பிரகாச அளவு, எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம்) கிடந்த நட்சத்திரம் சுமார் 6-க்கு வந்துவிட்டது. அதாவது 250 மடங்கு. ஆக நீங்கள் எதிர்பார்க்கும் உடனடி வெளிச்சம் இருக்கத்தான் செய்தது, ஆனால் பெரும்பாலும் புற ஊதாவில், ஐயூஇ செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில நாளில் அது மளமளவென்று இறங்கிவிட்டது.

ஏன் தாக்குப்பிடிக்கவில்லை? வெடித்த சாண்டுலீக் −69 202 ஒரு நீல சூப்பர்ஜயன்ட் (மிகப் பெரிய நட்சத்திர வகை), சூரியனைப் போல் 40, 50 மடங்கு விட்டம். சிவப்பு சூப்பர்ஜயன்ட் என்றால் 500 மடங்கு, அதற்கு மேலும் இருக்கும். சைக்கிள் டியூப் வால்வைத் திறந்தால் காற்று ஜில்லென்று வருமே, அதே சங்கதிதான், விரியும் வாயு குளிரும். சிறிய நட்சத்திரம் வெளிச்சத்தை வெளியே விடுகிற அளவுக்கு விரிவதற்குள் அலை கொடுத்த சூடெல்லாம் விரிவதிலேயே கரைந்துவிடுகிறது. பெரியதுக்கு அவ்வளவு நஷ்டமில்லை, அந்தச் சூட்டை வைத்தே மூன்று மாதம் ஓட்டும்.

நிக்கல்56:
கதிரொளி சார் பாதியில் நிறுத்திவிட்டார். மே வரை ஏற்றியது யார்? வெடிப்பின்போது உள்ளே உருவான நிக்கல்-56. சூரிய நிறையில் 0.07 பங்கு, சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் பூமியைப் போல் 23,000 மடங்கு எடை. அரை ஆயுள் 6 நாள், சிதைந்தால் கோபால்ட்-56, அதற்கு 77 நாள், கடைசியில் சாதாரண இரும்பு. இதில் வரும் காமா கதிர்கள் வெளியே வர முடியாமல் சுற்றியிருக்கும் வாயுவிலேயே சிக்கி அதைச் சூடாக்குகின்றன, அந்தச் சூடு பல சூரியன் எடையுள்ள பொருள் வழியாகக் கசிந்து வெளியேற வாரக்கணக்கில் ஆகிறது. அந்தத் தாமதம்தான் உங்கள் 85 நாள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்று: காமா கதிர்களை நேராகப் பார்க்க ரொம்ப நாள் ஆகும் என்று நினைத்திருந்தார்கள், ஆனால் சோலார் மேக்ஸிமம் மிஷன் செயற்கைக்கோள் 1987 ஆகஸ்டிலிருந்தே கோபால்டின் கதிர்களைப் பிடித்துவிட்டது. நிக்கல் மையத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கவில்லை, கட்டி கட்டியாக மேலடுக்குகளுக்கு ஏறியிருக்கிறது. கிராஃப் இவ்வளவு வழவழப்பாக ஏறியதற்கும் இந்தக் கலப்புதான் காரணம்.

இரவுப்பறவை:
இரண்டு பேருக்கும் நன்றி. சரி, சிவப்பு வகையில் அந்த மட்டம் ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது? ஆறிக்கொண்டே போனால் சரிவாகத்தானே இருக்க வேண்டும்?

கதிரொளி:
ஹைட்ரஜனின் கைங்கரியம். சூடாக இருக்கும்போது எலக்ட்ரான்கள் தனியாகத் திரிந்து ஒளியைச் சிதறடிக்கின்றன, வாயு திரைபோட்ட மாதிரி ஆகிவிடுகிறது. சுமார் 6,000 டிகிரிக்குக் கீழே வந்ததும் எலக்ட்ரான் புரோட்டானோடு சேர்ந்துகொள்கிறது, அந்த அடுக்கு தெளிந்துவிடுகிறது. வாயு வெளியே ஓட ஓட, தெளிவின் எல்லை பொருளுக்குள் உள்வாங்கிக்கொண்டே வருகிறது, அதனால் நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, அதன் வெப்பநிலையும் அதே 6,000 பக்கம். பரப்பும் சூடும் மாறாவிட்டால் பிரகாசம் எப்படி மாறும்? எல்லை ஹைட்ரஜன் உறையின் அடியைத் தொட்டதும் கதை முடிந்து பொத்தென்று விழுகிறது.

நீங்கள் கேட்ட நிறை இங்கேதான் வருகிறது. உறை கனமாக இருந்தால் மட்டம் நீளும், வெடிப்பின் வேகம் கூடினால் பிரகாசம் கூடி நாள் குறையும்.

தென்வானம்:
நட்சத்திரம் சாவதற்கு முன் வெளியே கொட்டிவைத்த வாயுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் எம்101 விண்மீன் மண்டலத்தில் ஜப்பானின் இடாகாகி கண்டுபிடித்த 2023ஐஎக்ஸ்எஃப் சூப்பர்நோவா நினைவிருக்கும், அங்கே அதிர்ச்சி அலை நெருக்கமான வாயுவில் மோதியதால் முதல் சில நாள் வெளிச்சத்தில் அந்த மோதலுக்கும் பங்கு உண்டு.

ஒரு கொசுறு: 1987ஏ கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால்கூட தெற்கு அடிவானத்துக்கு மேல் 12, 13 பாகைதான் எழும்.

சும்மாவந்தவன்:
அப்போ நம்ம திருவாதிரை வெடித்தால்?

கதிரொளி:
அது சிவப்பு சூப்பர்ஜயன்ட், ஆகவே மட்டம் வகையைத்தான் எதிர்பார்க்கலாம், பகலிலும் தெரியும். நாளைக்கே வெடிக்கும் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை மட்டும் இங்கே ஒட்டாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

நிக்கல்56:
இரவுப்பறவை, ஸ்கேல் இருந்தால் கிராஃபில் 150-ஆம் நாளிலிருந்து 350 வரை வைத்துப் பாருங்கள். மொத்த ஒளியின் கிராஃப் என்றால் 100 நாளுக்கு ஏறக்குறைய 1 மேக்னிட்யூட் இறங்கும், கோபால்ட் சிதைவதும் அதே வேகம். 450 நாளுக்கு மேல் கண்ணுறு ஒளி இன்னும் வேகமாக இறங்கினால் குழம்ப வேண்டாம், உள்ளே தூசி உருவாகி வெளிச்சத்தை அகச்சிவப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது.