நீண்ட விமானத்தில் அழும் குழந்தை: தனி வரிசை கேட்பது தப்பா?

வளவுவீட்டான், தேவகோட்டை:
படைப்புக்கும் (முன்னோரை நினைத்துப் படைக்கும் வீட்டுச் சடங்கு) கல்யாணத்துக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் வராத வீடு நம்ம செட்டிநாட்டுப் பக்கம் கிடையாது. லண்டனோ சிட்னியோ, எங்கே ஏறினாலும் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி, அப்புறம் காரில் பிடித்து ஊர் வந்து சேர வேண்டும். வந்த அன்றைக்கே வீட்டில் வேலை காத்துக்கிடக்கும். ராத்திரி பூரா கண் மூடாமல் வருகிறவன் என்ன செய்வான்?

குழந்தைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் கேள்வி விமானக் கம்பெனிகளிடம். ஏர் ஏசியா எக்ஸும் ஸ்கூட்டும் 2013லேயே சிறுபிள்ளைகள் இல்லாத பகுதி என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். 2016ல் இண்டிகோ, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சில வரிசைகள் தரமாட்டோம் என்றது. 2023ல் கோரெண்டான் என்ற கம்பெனி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கரீபியன் தீவான குராசோ போகும் விமானத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று முன்பகுதியைத் தடுத்துக் கொடுத்து, 45 யூரோ கூடுதலாக வாங்கியது. நான் அந்தக் காசைக் கட்டத் தயார். எல்லா நீண்ட விமானத்திலும் இது வரவேண்டும். இதைக் கேட்டாலே பிள்ளை குட்டி ஆகாதவன் என்று பேசுகிறார்கள், அது நியாயமில்லை.

ஆத்தங்குடி மருமகள்:
அண்ணே, காசு கட்டித் தனியா உட்காருங்க, யாரும் தடுக்கல. ஆனா ஒரு திரையும் தட்டியும் பிள்ளை அழுகிற சத்தத்தை நிறுத்திடுமா? அந்தத் தடுப்புக்குப் பின்னாடி முதல் வரிசையில நான் இருப்பேன், என் மகனும் இருப்பான்.

இன்னொண்ணு. இப்படி ஒரு பகுதி வந்துட்டா, மிச்ச இடத்துல உட்கார்ந்திருக்கிற எங்களை எப்படிப் பார்ப்பாங்கன்னு யோசிச்சீங்களா? இப்பவே பிள்ளை சிணுங்கினா நாலு தலை திரும்புது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காம, கையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணுன்னு தனியா வர்ற பொம்பளைங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்? போன தடவை பிள்ளைக்குப் பால் கலக்க ட்ரேயில வெந்நீர் வச்சிருந்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காம சடார்னு சீட்டைச் சாய்ச்சார். டம்ளர் கவிழ்ந்து பாதி என் மடியில, பாதி பையில. பிள்ளை கால்ல படாம என் கையில பட்டது. அவர் அதுக்கப்புறம் ஹெட்போன் இல்லாம சத்தமா படம் பார்த்துக்கிட்டு வந்தார். அழுகிறவனுக்கு ஒரு வயசு, வேற வழி தெரியாது. இவருக்கு அம்பது வயசு இருக்கும்.

கோனாபட்டு தம்பி:
ஆச்சி, கைக்குழந்தை விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் 5, 6 வயதுப் பிள்ளைகளையும் அதே கணக்கில் சேர்ப்பதை ஒத்துக்கொள்ள முடியாது. முதுகுப்பக்கம் சீட்டை இடைவிடாமல் உதைக்கிற பிள்ளைக்கு வாய் இருக்கிறது, காது இருக்கிறது, சொன்னால் புரியும். சொல்லவேண்டிய அப்பா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்குகிறார். டேப்லெட்டில் கார்ட்டூன் ஊருக்கே கேட்கிறது. "சின்னப் பிள்ளைதானே" என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு பெற்றவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். சீட்டைச் சாய்த்தவர் பொறுப்பில்லாதவர் என்றால் இவர்களும் அதே ரகம்தான்.

ஆத்தங்குடி மருமகள்:
அதுல எனக்கு மறுப்பே இல்ல தம்பி. பெரிய பிள்ளையைப் பிடிச்சு வைக்கத் தெரியணும். நான் பேசுறது பேச்சு வராத பிள்ளைங்களைப் பத்தி.

குழந்தை மருத்துவர், காரைக்குடி:
பேச்சு வராத பிள்ளை ஏன் அழுகிறது என்பதை இங்கே யாரும் தொடவில்லை. பசி, ஈரம், அலுப்பு எல்லாம் இருக்கும். ஆனால் விமானத்துக்கே உரிய காரணம் காது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான், ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். தரையிறங்க ஆரம்பித்ததும் அரை மணி நேரத்துக்குள் அங்கிருந்து சமவெளி அழுத்தத்துக்கு வருகிறோம். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் செவிப்பறைக்கு இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும். பெரியவர்கள் கொட்டாவி விட்டு, எச்சில் விழுங்கிச் சமாளித்துவிடுவோம். கைக்குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகல், விழுங்கவும் சொல்லித்தர முடியாது. சளி பிடித்திருந்தால் வலி இன்னும் கூடும்.

அதனால் ஏறும்போதே வயிறு முட்டக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வேளைப் பாலை இறங்கும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். தாய்ப்பாலோ புட்டியோ சப்புகிற எதுவும் சரி, சப்பி விழுங்கும்போது குழாய் திறக்கும். தூங்கினால்கூட இறக்கம் தொடங்கும்போது எழுப்பிக் கொடுக்கலாம், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. கேபின் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், நடுநடுவே குடிக்கக் கொடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூங்க வைக்க என்று சளி மருந்து கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படிக் கொடுக்கிற மருந்துகளில் ஒன்றான ப்ரோமெத்தசினை 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. அந்த வகை மருந்து சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, ராத்திரி பூரா துள்ளவும் வைக்கும். பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிக்கிறாரே என்று இதைச் செய்யும் தாய்மாரை நான் பார்க்கிறேன். அந்தச் சுளிப்புக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

வளவுவீட்டான், தேவகோட்டை:
டாக்டர், காது வலியென்றால் இறங்கும்போது அரை மணி நேரம். ஒப்புக்கொள்கிறேன். மீதி நேரம்?

ராஜுலா பேரன், பள்ளத்தூர்:
எங்கள் ஐயா காலத்தில் நாகப்பட்டினத்தில் எஸ்.எஸ். ராஜுலா ஏறினால் பினாங்கு போய்ச் சேர நாள் கணக்காகும். 1926ல் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்து, நூற்றுக்கணக்கான குடும்பங்கள், பிள்ளைகுட்டிகளோடு. ஒரு குழந்தை அழுதால் நாலு அப்பத்தாக்கள் கை நீட்டி வாங்குவார்கள். இன்றைக்குப் பிள்ளை அழுதால் பெல்லை அழுத்துகிறோம்.

கோனாபட்டு தம்பி:
கப்பலில் சத்தம் தாங்கவில்லையென்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம் ஐயா. இங்கே பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், கிட்டத்தில் வீறிடும் குழந்தையின் குரல் 100 டெசிபெலைத் தொடும். தேவகோட்டை அண்ணன் கேட்பது சொகுசு அல்ல. மற்றபடி, விலை அதிகமான ஹெட்போனை மட்டும் நம்புகிறவர்களுக்கு: அது என்ஜின் இரைச்சல் மாதிரி தடித்த சத்தத்தைத்தான் நன்றாகக் குறைக்கும், கீச்சுக் குரல் உள்ளே வந்துவிடும். பஞ்சு மாதிரி காதடைப்பானை உள்ளே வைத்து அதன்மேல் ஹெட்போனைப் போடுங்கள்.

மாவுருண்டை, கானாடுகாத்தான்:
ஏறினவுடனே அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு பாக்கெட், மாவுருண்டையும் காதடைப்பானும் கொடுத்து "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டால் பாதிக் கோபம் போய்விடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆத்தங்குடி மருமகள்:
மாவுருண்டை கொடுங்க, அன்பா கொடுங்க. மன்னிப்பாக் கொடுக்காதீங்க ஆச்சி. டிக்கெட் வாங்கித்தான் நானும் ஏறுறேன். அழாத பிள்ளைக்கும் சேர்த்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு அது கொடுக்காதவளைத் திமிர் பிடிச்சவன்னு சொல்லுவாங்க.

முன்னாள் விமானப் பணிப்பெண், காரைக்குடி:
உள்ளே நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். சண்டையின் வேர் பல நேரம் முன்வரிசை. தொட்டில் மாட்டும் சுவர் அங்கேதான் இருக்கிறது. கால் நீட்ட இடமும் அங்கேதான் இருக்கிறது, அதனால் அந்த சீட்டுகளைக் கூடுதல் காசுக்கு விற்கிறார்கள். தொட்டிலுக்கு முன்கூட்டியே சொல்லாமல் விமான நிலையத்தில் கேட்டால், காசு கட்டியவரை எழுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். அவர் மறுத்தால் அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது, பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டு வரும் அம்மா மேலும் சொல்ல முடியாது. டிக்கெட் போட்ட அன்றே கம்பெனிக்குப் போன் செய்து பதிவு பண்ணுங்கள், எத்தனை கிலோ வரை தாங்கும் என்றும் கேளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பெரிய பிள்ளைகள் தனியாக மாட்டிக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். 12 வயது வரை உள்ள பிள்ளைக்குப் பெற்றவரில் ஒருவர் பக்கத்தில் சீட் தரவேண்டும் என்று 2024ல் இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ சொல்லிவிட்டது. சத்தம் போடுகிற பயணிகளுக்கும் விதி உண்டு. வாயால் தகாதபடி பேசி, சைகை காட்டித் தொல்லை செய்தால் 3 மாதம் வரை பறக்கத் தடை போடலாம், இது 2017லிருந்து இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஏசினால் பதிலுக்குப் பேசாமல் எங்களைக் கூப்பிடுங்கள், இடம் மாற்றிக் கொடுப்போம். உதைக்கும் பிள்ளை விஷயத்திலும் அப்படியே. அப்பாவை எழுப்பிச் சொல்வது எங்கள் வேலை, உங்கள் வேலை இல்லை.

வளவுவீட்டான், தேவகோட்டை:
என் கோரிக்கையை நான் விடவில்லை. தனி வரிசை வேண்டும். ஆனால் இந்தத் தொட்டில் சீட் சமாச்சாரம் எனக்கும் உறைக்கிறது. பயணத்துக்கு இரண்டு நாள் முன்புவரை அந்த வரிசையைக் கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சினால் மட்டும் விற்கச் சொல்லிக் கம்பெனிகளுக்கு எழுதுவோமா? நான் எழுதித் தருகிறேன்.

ஆத்தங்குடி மருமகள்:
அந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடுறேன் அண்ணே. தனி வரிசைக் கடிதத்துல போடமாட்டேன்.