பழைய மீன் தொட்டியை ப்ளீச் போட்டுக் கழுவலாமா? உள்ளே இருந்த பொம்மைகளை என்ன செய்வது?

புதுத்தொட்டி:
தெரிந்தவர் ஒருவர் மீன் வளர்ப்பதை நிறுத்திவிட்டு, தன் தொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டார். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். கடைசியாக இருந்த மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டதாகச் சொல்கிறார். என்ன நோய் என்று அவருக்கும் தெரியவில்லை. கண்ணாடியில் திட்டுத்திட்டாக உப்புக்கறை. கூடவே ஒரு கோட்டை பொம்மை, பிளாஸ்டிக் செடிகள், மரக்கட்டை, கூழாங்கல், ஸ்பாஞ்ச் ஃபில்டர். வினிகரையும் ப்ளீச்சையும் சேர்த்து ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கறை, கிருமி இரண்டும் போய்விடும் அல்லவா?

நத்தைக்காரன்:
ஐயோ, வேண்டாம்! ப்ளீச்சில் வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் செய்தால் மூச்சு முட்டிப்போகும். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் அப்படித்தான், அதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

வினிகரை இன்று போட்டுக் கறையைத் தேய்த்து எடுங்கள். நன்றாக அலசிவிட்டு, ப்ளீச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாசி:
ப்ளீச் போடும் முன் தேய்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. பாசியும் வழவழப்பும் இருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது.

வாசனையோ சோப்போ சேர்க்காத, கெட்டியாக இல்லாத சாதா ப்ளீச் வாங்குங்கள். லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் அளவில் இருந்தால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 19 பங்கு தண்ணீர், அதாவது 500 மில்லி ப்ளீச்சுக்கு ஒன்பதரை லிட்டர். பச்சைத் தண்ணீர் போதும். சூட்டில் ப்ளீச் வீரியம் இழக்கும். அன்றன்று கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

தொட்டி முழுக்க நிரப்ப வேண்டாம். துணியால் உள்பக்கம் முழுவதும் நனைத்து, 15 நிமிடம் காயாமல் ஈரமாகவே வைத்திருந்தால் போதும். கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிகானுக்கு அவ்வளவு நேரத்தில் ஒன்றும் ஆகாது. ராத்திரி முழுக்க ஊறவிடத் தேவையே இல்லை. பிளாஸ்டிக் செடிகளை வாளியில் அதே நேரம் முக்கி எடுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

புதுத்தொட்டி:
நல்லவேளை, கேட்டேன். மரக்கட்டையும் கல்லும்?

பழைய பாசி:
மரம் ப்ளீச்சை உறிஞ்சிக்கொண்டு அப்புறம் மெல்ல மெல்லக் கக்கும். பானையில் கொள்ளுமென்றால் ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள், கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். ஸ்பாஞ்சும் கூழாங்கல்லும் குப்பைக்கு. ஏன் செத்தது என்றே தெரியாத மீன்களின் அழுக்கு அதில் இருக்கிறது, இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நத்தைக்காரன்:
கல்லை வீசச் சொல்வது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. வழவழப்பான, துளையில்லாத கல் என்றால் ப்ளீச்சில் போட்டு அலசி வெயிலில் காயவைக்கலாம். ஸ்பாஞ்ச் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மருந்துக்குப்பி:
மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, புண்ணோடு செத்ததா என்று அவரிடம் கேளுங்கள். அப்படியென்றால் மீன் காசநோயாக இருக்கலாம். அந்தக் கிருமி ப்ளீச்சுக்கு லேசில் அடங்காது; கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதருக்கும் தோலில் தொற்றும். ப்ளீச்சை முழுக்க அலசி, தொட்டி காய்ந்த பிறகு, 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது, இரண்டையும் கலக்கவும் கூடாது. பொம்மைகளைத் தூக்கிப்போட்டுவிடலாம்.

புதுத்தொட்டி:
விசாரித்தேன். புண்ணும் இல்லை, வளைவும் இல்லையாம்; உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியாம். சொன்னபடியே செய்து முடித்தேன். இரண்டு நாள் ஆகியும் கோட்டையில் மட்டும் ப்ளீச் வாடை போகவில்லை.

பழைய பாசி:
அடியில் ஓட்டை இருக்கிறதா? உள்ளே கூடாக இருந்தால் ப்ளீச் தண்ணீர் அங்கேதான் தங்கியிருக்கும். கவிழ்த்துக் குலுக்கி வடித்துவிட்டு, வாளித் தண்ணீரில் ஆன்டி-குளோரினை (குளோரினை முறிக்க மீன் கடையில் கிடைக்கும் திரவம்) வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு ஊற்றி, கூட்டுக்குள்ளும் தண்ணீர் புகும்படி ஒரு நாள் முக்கி வையுங்கள். அப்புறம் அலசிக் காயவையுங்கள். மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல தண்ணீரில் பொம்மையை ஒரு ராத்திரி போட்டு, தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப்பால் பாருங்கள். பூஜ்ஜியம் காட்டினால் போதும்.

தொட்டியையும் சும்மா வைத்திருக்காமல் பழைய துண்டின் மேல் வைத்து, தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று ஒரு நாள் விட்டுப் பாருங்கள். புது ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளரச் சில வாரம் ஆகும், அதுவரை மீன் வாங்க ஓடாதீர்கள்.

புதுத்தொட்டி:
ஸ்ட்ரிப் பூஜ்ஜியம். கோட்டையில் பெயின்ட் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, பரவாயில்லை. ஆனால் துண்டு ஒரு மூலையில் ஈரமாகிவிட்டது. சிலிகான் ஒட்டுவது பற்றித் தனி இழை போடுகிறேன்.